முன்பாதத்தைப் படிக்க வந்த இளம் ரேடியாலஜிஸ்டுக்கு



“கால் வலி, எக்ஸ்ரே.” பெரும்பாலான சீட்டுகள் இந்த மூன்று சொற்களோடுதான் வந்து சேர்கின்றன. எந்த விரல், எந்தப் பக்கம் மடங்கியது, வீக்கம் மேலேயா அடியிலா என்று ஒன்றும் இருக்காது. படத்தில் எலும்பு ஒழுங்காக இருக்கும். “முறிவு இல்லை” என்று ரிப்போர்ட் போகும். வெறும் சுளுக்குத்தானே என்று தைலம் தேய்த்துக்கொண்டு நோயாளி வாரக்கணக்கில் நொண்டுவார். முன்பாத ஜவ்வுக் காயம் தப்பிப்போவது இப்படித்தான்.

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ஜவ்வு விட்டதால் எலும்பு எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் தெரியும். அந்த நகர்வும் பலருக்குக் காலை ஊன்றி நிற்கும்போதுதான் வெளிப்படும்.

முன்பாதத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் லிஸ்ஃப்ராங்க் மூட்டு இதற்கு நல்ல பாடம். அங்கே ஏற்படும் காயங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் எக்ஸ்ரேயில் தவறிப்போவதாக மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. படுக்கவைத்து எடுத்த படத்தில் எல்லாம் சரியாகத் தோன்றும். நிற்கவைத்து எடுத்தால் முதல், இரண்டாம் மெட்டாடார்சல்களின் அடிப்பகுதி விலகும். அந்த இடைவெளி 2 மி.மீ.யைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். மறுகாலையும் சேர்த்து எடுக்கச் சொல்வது அதிகப்படியான வேலை அல்ல. நோயாளியின் இயல்பான அளவு அங்கேதான் கிடைக்கும். இடையில் சிறு எலும்புச் சில்லு ஒன்று தெரிந்தால், ஜவ்வு தன் பிடிமானத்தையே பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பொருள்.

பெருவிரலுக்கு வருவோம். செயற்கைப் புல்தரையில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் கண்ட காயத்துக்கு, 1976இல் பவர்ஸ், மார்ட்டின் இருவரும் ‘டர்ஃப் டோ’ என்று பெயரிட்டார்கள். விரல் மேல்நோக்கி அளவுக்கு மீறி மடங்கும்போது, மூட்டின் அடியில் இருக்கும் தடித்த ஜவ்வுப் பட்டையான பிளான்டர் பிளேட் கிழிகிறது. 2021 ஜனவரியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் வீரர் பேட்ரிக் மஹோம்ஸுக்கு இந்தக் காயம் ஏற்பட்டது. அதோடே பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆடினார். ஆட்டம் முடிந்த சில நாட்களில் அறுவை சிகிச்சை நடந்தது. இந்தக் காயத்தைத் தேடும்போது எக்ஸ்ரேயில் முதலில் பார்க்க வேண்டியவை, அந்த மூட்டின் அடியில் இருக்கும் சிறு செசமாய்ட் எலும்புகள். பட்டை முழுவதும் அறுந்திருந்தால் அவை குதிகால் பக்கம் பின்வாங்கியிருக்கும். பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்த செசமாய்டைப் பார்த்து முறிவு என்று எழுதிவிடக் கூடாது. அதன் ஓரங்கள் வழவழப்பாக இருக்கும். புது முறிவின் ஓரம் கூராக இருக்கும்.

இரண்டாம் விரலின் கதை வேறு. அங்கே இருக்கும் பிளான்டர் பிளேட் பட்டை பெரும்பாலும் ஒரே நாளில் கிழிவதில்லை. தேய்ந்து தேய்ந்து விடுகிறது. விரல் மெல்ல மேலெழும்பி, பெருவிரல் பக்கம் சாயத் தொடங்கும். கிழிவு வழக்கமாக விரலெலும்பில் பட்டை ஒட்டும் இடத்தில், வெளிப்புற ஓரத்தில் தொடங்கும். எம்.ஆர்.ஐ.யில் கருத்த பட்டைக்குள் திரவம் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் ஒட்டும் இடத்தின் நடுவில் சிறு வெள்ளை இடைவெளி இயல்பாகவே இருக்கலாம். அதைக் கிழிவு என்று எழுதினால் நல்ல காலுக்கு நோய் ஒட்டிவிடும். கிழிவைச் சுற்றித் தடித்த திசுவை மார்ட்டன் நியூரோமா என்னும் நரம்புக் கட்டியாக நினைப்பது இன்னொரு பொறி. அந்தக் கட்டி மூன்றாம் விரலிடுக்கில்தான் அதிகம் வரும். தவறான பெயரில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், ஏற்கெனவே நைந்த பட்டை மேலும் தளரக்கூடும்.

எம்.ஆர்.ஐ.க்குப் பணம் இல்லாதவருக்கு அல்ட்ராசவுண்டு இருக்கிறது. உள்ளங்கால் பக்கம் புரோபை வைத்து, விரலை மெதுவாக மேல்நோக்கி மடக்கினால், ஒட்டியிருந்த கிழிவு வாய் திறப்பதை நேரிலேயே பார்க்கலாம். வலிக்கும் இடத்தை நோயாளியே விரலால் தொட்டுக் காட்டுவார்.

அதனால் ஒரு வேண்டுகோள். “முறிவு இல்லை” என்ற வரியோடு ரிப்போர்ட்டை முடிக்காதீர்கள். எந்த ஜவ்வு, எந்த இடம், பாதியா முழுவதுமா, செசமாய்ட் நகர்ந்திருக்கிறதா, படம் நின்று எடுத்ததா படுத்து எடுத்ததா என்பதையும் எழுதுங்கள். சீட்டில் விவரம் இல்லையென்றால், அனுப்பிய டாக்டரை ஒரு முறை போனில் அழைத்துக் கேளுங்கள்.