மூன்று மாநிலங்களைக் கடந்த சுழற்காற்று

வாடை, கொண்டல், தென்றல், கோடை எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பகுத்தவர்கள் நம் முன்னோர். கடலிற் பிறந்து கரையேறும் பெருங்காற்றைப் புயல் என்கிறோம். இவற்றுள் எதிலும் அடங்காத ஒரு காற்றைப்பற்றியே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். டார்னடோ என்று வழங்கும் அதனைச் சுழற்காற்று என்றே இங்குக் குறிப்போம். புயல் பல நூறு மைல் பரப்புடையது, நாட்கணக்கில் நீடிப்பது. சுழற்காற்றோ இடிமேகத்தின் அடியிலிருந்து நிலம்வரை தொங்குகின்ற ஒரு சுழல். அதன் அகலம் பெரும்பாலும் சில நூறு அடி; ஆயுள் பெரும்பாலும் பத்து நிமிடம்; கடக்கும் தொலைவு ஒரு சில மைல். இந்த அளவை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். ஏனெனில், 1925ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அமெரிக்க நாட்டில் வீசிய சுழற்காற்று இந்த அளவுக்குச் சிறிதும் கட்டுப்படவில்லை.

அன்று பிற்பகல் ஒரு மணியளவில், மிசௌரி மாநிலத்தின் காட்டுப்பகுதியில் எல்லிங்டன் என்ற சிற்றூருக்கு அருகே அது தோன்றியது. மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாய் மாநிலத்துள் நுழைந்து, அதனைக் குறுக்கே அறுத்துக்கொண்டு இந்தியானாவுக்குட் புகுந்து, மாலை நாலரை மணியளவில் பீட்டர்ஸ்பர்க் என்ற ஊருக்கருகே ஓய்ந்தது. மூன்றரை மணி நேரம், 219 மைல். நெடுங்காலமாக நூல்களில் வழங்கிவந்த கணக்கு இதுவே. மாண்டவர் மிசௌரியில் 11, இல்லினாயில் 613, இந்தியானாவில் 71. ஆக 695 பேர். அந்நாட்டில் வேறெந்தச் சுழற்காற்றும் இத்தனை உயிரைக் கொண்டதில்லை. மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே நகரில் மட்டும் 234 பேர் மடிந்தனர். டி சோட்டோ என்னும் சிற்றூரின் பள்ளிக்கூடம் இடிந்து 33 பிள்ளைகள் இறந்தனர். வெஸ்ட் ஃபிராங்க்ஃபர்ட் நிலக்கரிச் சுரங்க ஊர். ஆண்களிற் பலர் அவ்வேளையில் நிலத்தடியில் வேலையில் இருந்தனர். மின்சாரம் நின்றதே அவர்களுக்குக் கிடைத்த முதல் அறிகுறி. ஏறி மேலே வந்தபோது, வீடுகள் இருந்த இடத்தில் வீடுகள் இல்லை. இறந்தவருட் பெரும்பாலோர் அவர்களுடைய பெண்டிரும் பிள்ளைகளுமே.

இவ்வழியில் வாழ்ந்தவர்களிற் பலர் குடியானவர்கள். வானத்தைப் பார்த்தே வேலையைத் திட்டமிடுகிறவர்கள். மேகத்தின் குறிகளை அறிந்தவர்கள். அவர்களுங்கூட ஏமாந்தது ஏன்? சுழற்காற்று என்றால் யானைத் துதிக்கைபோல் தொங்கும் ஒரு கூம்பையே அவர்கள் எதிர்பார்ப்பர். அன்று வந்ததில் பெரும்பாலான இடங்களில் அந்தத் துதிக்கையே தெரியவில்லை. தரையோடு தரையாகக் கரிய மூடுபனி புரண்டு வருவதுபோலிருந்தது என்றே கண்டவர் பலர் கூறினர். மேகத்தின் அடிப்பாகம் மிகத் தாழ்ந்திருந்தது. சுழலின் அகலமோ முக்கால் மைல், சிலவிடங்களில் ஒரு மைல். அதனைச் சுற்றிப் புழுதியும் முறிந்த மரங்களும் திரையிட்டிருந்தன. அது முன்னேறிய வேகம் சராசரி மணிக்கு 62 மைல். சிற்சில இடங்களில் 73 மைல். ஐந்து மைலுக்கப்பால் கண்டவனுக்கும் ஐந்து நிமிட அவகாசங்கூடக் கிட்டவில்லை.

எச்சரிக்கை வாராமற்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. 1880களில் ஜான் ஃபின்லி என்ற இராணுவ அதிகாரி சுழற்காற்றுகளை ஆராய்ந்து, அவை தோன்றக்கூடிய நாட்களை முன்னறிவிக்க முயன்றார். மேலிடத்தார் அதனை நிறுத்தினர். அச்சொல்லைக் கேட்டால் மக்கள் பீதியுறுவர் என்பது அவர்கள் எண்ணம். அன்றுமுதல் முன்னறிவிப்புகளில் டார்னடோ என்ற சொல்லையே எழுதக்கூடாதென்று விதி ஏற்பட்டது. 1925லும் அவ்விதி நடைமுறையில் இருந்தது. அன்றைய அறிவிப்பு, மழையும் திசைமாறும் காற்றும் உண்டு என்ற அளவோடு நின்றது. பீதியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு யாரைக் காத்தது என்று நமக்கு விளங்கவில்லை. 1938இல்தான் அத்தடை தளர்ந்தது. 1948 மார்ச் 25ஆம் நாள் ஓக்லஹோமா விமானத் தளத்தில் ஃபாபுஷ், மில்லர் என்ற இரு அதிகாரிகள் துணிந்து முன்னறிவித்தனர். அன்று மாலையே காற்று அத்தளத்தைத் தாக்கியது.

இனி அறிவியலாரை வாட்டிய வினாவுக்கு வருவோம். 219 மைலைக் கடந்தது ஒரே சுழலா? அல்லது ஒன்று அழிய மற்றொன்று பிறந்து, தொடர்ச்சிபோல் தோன்றியதா?

இதனை விளங்கிக்கொள்ளச் சுழல் பிறக்கும் விதத்தை அறிதல் வேண்டும். தரையையொட்டிய காற்று மெதுவாகவும் உயரே உள்ள காற்று விரைவாகவும் வீசுவதாகக் கொள்வோம். இரு உள்ளங்கைகளுக்கிடையே ஒரு பஞ்சுத்திரியை வைத்து, கீழ்க்கை அசையாதிருக்க மேற்கையை முன்னே தள்ளினால் திரி உருளுமல்லவா? அவ்வாறே இரு காற்றுகளுக்கிடையிலுள்ள வளியும் படுக்கையாக உருள்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்று கீழிருந்து வேகமாக எழும்பும்போது, படுத்துருளும் அத்திரியை நிமிர்த்தி விடுகிறது. இவ்வாறு இடிமேகமே சுழலத் தொடங்குகிறது. சுழலும் மேகங்களெல்லாம் தரைக்குச் சுழற்காற்றை இறக்குவதில்லை. பெரும்பாலானவை இறக்காமலே கலைந்துவிடுகின்றன. மழையோடு இறங்கும் குளிர்காற்றுக்கு இதில் பங்குண்டு. அளவாக இறங்கினால் சுழலுக்குத் துணை. மிகுதியாகச் சூழ்ந்துகொண்டால் அடியிலிருந்து வெப்பக்காற்று வரும் வழியை அடைத்துச் சுழலைக் கொன்றுவிடும். அப்போது அதே மேகம் சில மைலுக்கப்பால் புதிய சுழலைப் பெறுவதுண்டு. நெசவில் அறுந்த இழையை முடிந்துவிட்டால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே இழையாகத்தானே தோன்றும்!

ஐயம் வெறும் கற்பனையன்று. 1917 மே மாதம் இதே இல்லினாயில் மட்டூன் நகரைத் தாக்கிய காற்று 293 மைல் சென்றதாகப் பலகாலம் எழுதிவந்தனர். பிற்கால ஆராய்ச்சியில் அது பல சுழல்களின் வரிசையே என்று கருதப்பட்டது. 1925இன் காற்றும் அவ்வாறே பிளவுபடும் எனப் பலர் எதிர்பார்த்தது இயல்பு.

ராபர்ட் ஜான்ஸ், சார்லஸ் டாஸ்வெல் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இதனைத் தீர்க்க முயன்று, 2013இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். பழைய செய்தித்தாள்களைத் தேடினர். சிறுவயதில் அக்காற்றைக் கண்டு முதுமையெய்தியிருந்தவர்களை வினவினர். எந்த வீடு எங்கே நின்றது, எது எத்திசையில் விழுந்தது என்று ஊர் ஊராகக் குறித்தனர். குடியானவர் வீட்டு நினைவுகள் அறிவியற் சான்றாகப் பயன்பட்டதை நாம் பாராட்டாமல் இருக்க இயலாது. அவர்கள் கண்ட முடிவு இது: மிசௌரியின் மேடிசன் வட்டாரத்திலிருந்து இந்தியானாவின் பைக் வட்டாரம்வரை 174 மைல் ஒரே சுழல் சென்றிருத்தல் கூடும், அவற்றுள் 151 மைலுக்குச் சான்று மிக வலிது.

ஆகவே பழைய 219 குறைந்தது, வியப்புக் குறையவில்லை. 2021 டிசம்பர் 10ஆம் நாள் இரவு கென்டக்கி மாநிலத்தின் மேஃபீல்டு நகரை அழித்த காற்றும் இவ்வாறே சோதனைக்குள்ளானது. நான்கு மாநிலங்களை ஒரே சுழல் கடந்ததென்று முதலில் எண்ணினர். நேரில் ஆராய்ந்தபோது இடையில் ஓர் இடைவெளி புலப்பட்டது. மேஃபீல்டுச் சுழலின் பங்கு ஏறத்தாழ 166 மைல் என்று முடிவாயிற்று. கண்டிப்பான 151ஐ ஏற்றால் முதலிடம் இதற்கே; 174ஐ ஏற்றால் 1925க்கே.

அவ்வளவு தொலைவு ஒரு சுழல் அறுபடாமல் வந்தது எவ்வாறு? அன்றைய வானிலைப் பதிவுகளிலிருந்து வரைபடங்களை மீண்டும் வரைந்தபோது ஓரளவு விடை கிடைத்தது. அந்த இடிமேகம் தாழ்வழுத்த மையத்தின் அருகே, தெற்கிலிருந்து வந்த ஈரவெப்பக் காற்றும் வடக்கிலிருந்த குளிர்காற்றும் சந்திக்கும் எல்லையையொட்டித் தனித்துச் சென்றது. அதன் உணவைப் பங்குபோட அண்டையில் வேறு மேகமில்லை. மேலும், அந்தத் தாழ்வழுத்தமும் மேகத்துக்கு ஈடான வேகத்தில் கிழக்கே விரைந்தது. ஆகவே மேகம் தனக்கேற்ற சூழலை விட்டு விலகவேயில்லை. ஆயினும் இது நீண்ட ஆயுளுக்குக் காரணமே தவிர, மூன்று மணி நேரம் குளிர்காற்று அதன் கழுத்தை நெரிக்காமலிருந்ததற்கு முழு விளக்கமாகாது. அதன் காற்று வேகத்தையும் எவரும் அளந்ததில்லை. இடிபாட்டைக் கொண்டு வேகத்தை மதிப்பிடும் ஃபுஜிட்டா அளவுகோல் 1971இல்தான் வந்தது. அதன்படி பின்னாளில் இதற்கு உச்சப்படியான ஐந்தாம் படி வழங்கப்பட்டது.

தொடக்கத்தைப் பற்றிய வழக்கோ எஞ்சியே நிற்கிறது. மிசௌரியின் குன்றுகளிடையே முதற் சில மைல்களில் சேதத்தின் தடம் விட்டுவிட்டுக் காணப்படுகிறது. அங்கே சான்று கூற வீடுகள் மிகச் சில. அன்று முறிந்த மரங்கள் மக்கி மண்ணாகி, அவ்விடத்தில் வேறு காடு வளர்ந்துவிட்டது.