கைகுலுக்கலில் பிறந்த கட்சி



கிழக்கு ஜெர்மனியை நாற்பது ஆண்டுகள் ஆண்ட சோசலிச ஒற்றுமைக் கட்சியின் சின்னம், ஒன்றையொன்று பற்றிய இரு கைகள். 1946 ஏப்ரலில் பெர்லின் மேடையில் கம்யூனிஸ்ட் தலைவர் வில்ஹெல்ம் பீக்கும் சமூக ஜனநாயகத் தலைவர் ஓட்டோ குரோட்டவோலும் கைகுலுக்கி இரு கட்சிகளையும் இணைத்த காட்சியே அது. தொழிலாளர் கட்சிகள் இரண்டும் பகைத்து நின்றதால்தான் 1933இல் ஹிட்லரைத் தடுக்க முடியவில்லை என்ற வேதனை இரு பக்கத்துத் தொண்டர்களிடமும் இருந்தது. எனவே இணைப்பை வெறும் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது கிழக்குப் பகுதியைக் கைப்பற்றியிருந்த சோவியத் படையின் நிழலில் நடந்தது. பெர்லினின் மேற்குப் பகுதிகளில் சமூக ஜனநாயகக் கட்சியினரிடம் நடந்த வாக்கெடுப்பில் 82 விழுக்காட்டினர் உடனடி இணைப்பை மறுத்தார்கள். சோவியத் பகுதியிலோ அந்த வாக்கெடுப்பே நடக்க விடப்படவில்லை.

தொடக்கத்தில் தலைமைப் பொறுப்புகள் பக்கத்துக்கு ஒருவர் என்று பகிரப்பட்டன. 1949 ஜனவரியில் அந்த விதி போயிற்று. பழைய சமூக ஜனநாயகர் பலர் நீக்கப்பட்டார்கள். சிலர் சிறை சென்றார்கள். சின்னத்தில் இரு கைகள் இருந்தன, கட்சிக்குள் ஒன்றே மிஞ்சியது. அவ்வாண்டு அக்டோபர் 7இல் கிழக்கு ஜெர்மனி, ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு என்ற பெயரில் பிறந்தது. பீக் குடியரசுத் தலைவர், குரோட்டவோல் பிரதமர். உண்மை அதிகாரம் 1950இல் பொதுச் செயலாளரான வால்ட்டர் உல்பிரிக்டிடம்.

நாடாளுமன்றத்தில் வேறு நான்கு கட்சிகளும் இருந்தன. ஆனால் எல்லாரும் ஒரே வேட்பாளர் பட்டியலில் நின்றார்கள். யாருக்கு எத்தனை இடம் என்பது தேர்தலுக்கு முன்பே முடிவாகிவிடும். செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய கட்சியின் உயர்குழுவான பொலிட்பீரோ தீர்மானிப்பதை அமைச்சகங்கள் நிறைவேற்றின. ஆலை இயக்குநர் முதல் பத்திரிகை ஆசிரியர் வரை முக்கியப் பதவி எதற்கும் கட்சியின் ஒப்புதல் வேண்டும். இந்தத் தலைமையை 1968 அரசியலமைப்பு முதல் விதியிலேயே எழுதி வைத்தது.

தொழிலாளர் பெயரால் ஆண்ட கட்சியை முதலில் உலுக்கியவர்களும் தொழிலாளர்களே. 1953இல் அதே கூலிக்கு 10 விழுக்காடு கூடுதல் வேலை என்று அரசு ஆணையிட்டதும், பெர்லின் கட்டடத் தொழிலாளர்கள் ஜூன் 16இல் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் அது நாடெங்கும் பரவியது. சோவியத் டாங்கிகள் அடக்கின. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மக்கள் லட்சக்கணக்கில் மேற்கே போய்க்கொண்டிருந்ததால் 1961 ஆகஸ்ட் 13இல் பெர்லின் எல்லை அடைக்கப்பட்டது. பின்பு எழுந்ததே சுவர்.

1971இல் உல்பிரிக்டின் இடத்துக்கு எரிக் ஹோனெக்கர் வந்தார். புதிய வீடுகள், குறைந்த வாடகை, குழந்தைக் காப்பகங்கள் என்று அவர் தந்த வசதிகள் மெய்யானவை. ஆனால் உற்பத்தி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. மேற்கு நாடுகளிடம் கடன் பெருகியது. விலையை உயர்த்தக் கட்சி அஞ்சியது. 1953ஐ அது மறக்கவே இல்லை.

1989இல் 1.6 கோடி மக்களில் 23 லட்சம் பேர் உறுப்பினர்கள். அந்தப் பலமும் காக்கவில்லை. அக்டோபர் 9இல் லைப்சிக் நகரில் ஏறத்தாழ 70,000 பேர் ஆட்சியை எதிர்த்துத் திரண்டார்கள், படை சுடவில்லை. 18இல் ஹோனெக்கர் விலகினார். நவம்பர் 9இல் சுவர் திறந்தது. டிசம்பர் 1இல் கட்சித் தலைமை பற்றிய வாசகத்தை அரசியலமைப்பிலிருந்து நாடாளுமன்றமே நீக்கியது.

குடியரசின் நாற்பதாம் ஆண்டு விழா நாளிலேயே, பெர்லினுக்கு அருகே ஷ்வாண்டே என்ற ஊரில் சமூக ஜனநாயகக் கட்சி மீண்டும் பிறந்திருந்தது. 1990 மார்ச் 18இல் நடந்த சுதந்திரத் தேர்தலில் அது 21.9 விழுக்காடு வாக்குகள் பெற்றது. பெயர் மாற்றி நின்ற பழைய ஆளுங்கட்சிக்குக் கிடைத்தவை 16.4 விழுக்காடு.