கேஜ் போடாமல் வாய் திறக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதை அசைபோட்டுக்கொண்டே படுத்திருந்தேன். கால் டாக்சி, பி.எஸ்.6 டீசல், சிட்டிக்குள்ளேயே ஓடுகிற வண்டி. சூடேறி சிக்னலில் நின்றால் ஆயில் லைட் மினுக்குகிறது, ஆக்சிலேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. "பேரிங் போச்சுண்ணே, என்ஜினை இறக்கணும்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாய். டிப்ஸ்டிக் பார்த்தாயா என்று கேட்டேன். "மேக்ஸுக்கு மேலேயே இருக்குண்ணே" என்றாய், ஏதோ நல்ல சேதி மாதிரி. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் அந்த லைட்டின் யோக்கியதையைத் தெரிந்துகொள். பிளாக்கில் மாட்டியிருக்கிற சுவிட்ச், பிரஷர் இல்லாதபோது ஒயரை எர்த் பண்ணும், வந்ததும் விட்டுவிடும். பெரும்பாலான வண்டிகளில் அது 0.3, 0.5 பாரில் மாறிவிடும், அதாவது 4 முதல் 7 பி.எஸ்.ஐ. 3000 ஆர்.பி.எம்.மில் வெறும் 12 பி.எஸ்.ஐ.யோடு ஓடுகிற என்ஜின் செத்துக்கொண்டிருக்கிற என்ஜின். ஆனால் லைட் எரியாது. நல்ல என்ஜினிலோ, சுவிட்ச் கெட்டாலோ ஒயர் உரசினாலோ எரிந்து தொலையும். இந்த ஒற்றைச் சாட்சியை நம்பியா நீ தீர்ப்பு எழுதினாய்?

சுவிட்சைக் கழற்று, அந்த ஓட்டையில் கேஜை மாட்டு. என்ஜின் நன்றாகச் சூடேறட்டும். ஐடிலில் ஒரு முறை, 2000-இல் ஒரு முறை, 3000-இல் ஒரு முறை முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொள். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்று பழைய ஆட்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். கம்பெனி மேனுவலில் எண் கிடைக்காதபோது மட்டும் அதைத் தொடு. எண்ணைவிட முள் நடக்கிற விதம்தான் எனக்கு முக்கியம். ஐடிலில் படுத்துக் கிடந்து, ரேஸ் பண்ணப் பண்ண ஒழுங்காக ஏறினால், பேரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் தண்ணியாகியிருக்கலாம். எந்த ஆர்.பி.எம்.மிலும் ஒரே இடத்தில் தாழ்ந்து நின்றால் ரிலீஃப் வால்வைச் சந்தேகி. ரேஸ் ஏறும்போது முள் நடுங்கி இறங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. வண்டிக்குக் கீழே படுத்து, வேகத்தடையில் அடிபட்டு ஆயில் சேம்பர் உள்ளே நசுங்கி ஸ்ட்ரெய்னரை அடைத்திருக்கிறதா என்று பார். அந்த நெளிவைக் காசில்லாமலே கண்ணால் பார்த்துவிடலாம்.

ரிலீஃப் வால்வு என்றதும் எனக்கு இப்போதும் கூசும். உன் வயதில் ஓர் அம்பாசிடர் டாக்சி வந்தது, 1489 சி.சி. பெட்ரோல். பிரஷர் முள் எழவே இல்லை. பேரிங்தான் என்று அடித்துச் சொல்லி, என்ஜினை இறக்கி, கிராங்கை லேத்துக்கு அனுப்பி 20 சைஸ் பேரிங் போட்டு, பம்பையும் மாற்றினேன். ஏற்றி ஸ்டார்ட் பண்ணினால் முள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த என்ஜினில் ரிலீஃப் வால்வு பிளாக்கின் பின்பக்கம் வெளியிலேயே, குவிந்த தலை வைத்த ஒரு நட்டுக்குள் இருக்கும். கழற்றினேன். எவனோ போட்ட பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒன்று உள்ளே மாட்டி, வால்வை மூட விடாமல் பிடித்திருந்தது. பத்து நிமிஷ வேலை. லேபர் வாங்கவில்லைதான். ஆனால் அந்த டிரைவர் இருபது நாள் வண்டியில்லாமல் இருந்தாரே, அதற்கு நான் என்ன கொடுத்திருக்க முடியும்?

பம்ப் பிரஷரை உண்டாக்குவதில்லை, தம்பி. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஓஸ் நுனியை விரலால் அழுத்தினால் பீய்ச்சுகிறதே, அந்த விரலின் வேலையைப் பேரிங் இடைவெளி செய்கிறது. நல்ல பேரிங்கில் அது 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், தலைமுடிப் பருமன்கூட இல்லை. அது இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஆயில் தண்ணியானாலும் கசிவு கூடும். கேஜில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். டிப்ஸ்டிக்கில் அளவு தானாக ஏறாது. சைலன்சர் பக்கம் இருக்கிற டி.பி.எஃப். ஃபில்டரில் சேர்ந்த கரியை எரிக்க, பல டீசல் என்ஜின்கள் கடைசி நேரத்தில் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். சிட்டி ஓட்டத்தில் எரிப்பு பாதியிலேயே நின்று நின்று போனால், அந்த டீசல் லைனர் ஓரமாக வழிந்து சேம்பரில் சேரும். அளவு ஏறும், ஆயில் தண்ணியாகும். ரொம்ப ஏறினால் கிராங்க் கடைந்து நுரைக்க வைக்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார், விரலில் தேய்த்துப் பார். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே கதைதான், அதையும் செக் பண்ணு.

20W-50 ஊற்றலாமா என்று கேட்டாயே, வேண்டாம். ஒரு வாரம் லைட் அணைந்திருக்கும், உனக்கும் நல்ல பேர் வரும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மேலே கேம் ஷாஃப்ட்டுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். சாம்பல் கூடின ஆயில் டி.பி.எஃப்.பையும் அடைக்கும். மேனுவலில் போட்ட கிரேடையே, சாம்பல் குறைந்த சி3 ரகமாகப் பார்த்துப் போடு. ஃபில்டரையும் மாற்று, பழைய ரப்பர் ரிங் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா பார். கழற்றின ஃபில்டரை அறுத்து, காகித மடிப்பைப் பிரித்து வெயிலில் பிடி. பேரிங் பொடி மின்னினால் உன் பேச்சு சரி, என்ஜினை இறக்கலாம். மின்னாமல், புது ஆயிலில் கேஜும் சரியாகக் காட்டினால் ஓனரிடம் போய், அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று சொல். சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

கேஜ் நீ இன்னும் வாங்கவில்லை என்று தெரியும். என்னுடையதை நாளைக் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், எம்10 அடாப்டர் உள்ளேயே சுற்றி வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள். வேலை முடிந்ததும் மூன்று ரீடிங்கையும் எழுதி அனுப்பு.

அண்ணன்