படத்தில் பிழை பிடிக்கிறீர்களா?

இயக்குநரின் கண்ணில் படாததை நாம் கண்டுபிடிப்பதில் ஒரு குஷி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பிழை என்று சொல்லுமுன் அது பிழைதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதல் முறை கதையைப் பாருங்கள். பிழையை இரண்டாம் முறை தேடலாம்.

• பின்னணியில் இருப்பவர்களைக் கவனியுங்கள். ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) உணவகக் காட்சியில், நாயகி துப்பாக்கியால் சுடுமுன்பே பின்னால் உட்கார்ந்திருக்கும் சிறுவன் காதைப் பொத்திக்கொள்கிறான்!

• கண்டினியூட்டி பிழை வேறு, தகவல் பிழை வேறு. 'ப்ரிட்டி வுமன்' (1990) படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் கையிலிருக்கும் குரோசான் திடீரென்று பான்கேக் ஆகிவிடுவது முதல் வகை. 'டைட்டானிக்' (1997) நாயகன் ஜாக், விஸ்ஸோட்டா ஏரியில் மீன் பிடித்த கதை சொல்வது இரண்டாம் வகை. கப்பல் மூழ்கியது 1912இல். அணை கட்டி அந்த ஏரி உருவானதோ அதற்குச் சில ஆண்டுகள் கழித்து.

• எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். 'ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' (1981) படத்தில் நாகத்துக்கும் நாயகனுக்கும் நடுவே கண்ணாடி இருப்பது அதன் பிரதிபலிப்பில் தெரிந்தது. பின்னாளில் வந்த டிவிடியில் அதை அழித்துவிட்டார்கள்.

• ஆதாரத்தோடு பேசுங்கள். 'டைட்டானிக்' வானத்தில் நட்சத்திரங்கள் தப்பாக இருப்பதை வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன் எடுத்துச் சொன்னார். 2012 மறுவெளியீட்டில் ஜேம்ஸ் கேமரூன் அதைத் திருத்தினார்.

செய்யக்கூடாதவை

• கேள்விப்பட்டதைப் பரப்பாதீர்கள். 'த்ரீ மென் அண்ட் எ பேபி' (1987) படத்தில் திரைச்சீலை அருகே பேய்ச் சிறுவன் நிற்கிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. அது நடிகர் டெட் டான்சனின் அட்டை உருவம்.

• வேண்டுமென்றே செய்ததைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். விண்வெளியில் சத்தம் கேட்காது. ஆனாலும் 'ஸ்டார் வார்ஸ்' (1977) போர்க் காட்சிகள் அதிர்வது பார்ப்பவரின் விறுவிறுப்புக்காக.

• உதவி இயக்குநரைத் திட்டாதீர்கள். கையில் இருந்த பொருள் மாறியது தெரிந்தும், நடிப்பு நன்றாக அமைந்த டேக்கையே எடிட்டர் எடுத்துக்கொள்வதுண்டு.

• தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரருக்கு நேரடி வர்ணனை கொடுக்காதீர்கள்.

• பிழைகளை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். மேலே சொன்ன படங்கள் எல்லாமே வசூலில் வென்றவை.