ஈர மணலில் சீரியல் லைட்

தை 5 வந்தால் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. லைட் செட் போடும் எங்களுக்குப் பொங்கலைவிட அதுதான் பெரிய வேலை. திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். சுற்றுவட்டாரச் சாமிகளும் வரும். முந்தின நாளே சுருளிக்கிழங்குக் கடை, வளையல் கடை எல்லாம் மணலில் இறங்கிவிடும். அத்தனை பேருக்கும் ராத்திரி வெளிச்சம் வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த கிறுக்குத்தனம் ஒன்று. கரையோரம் தெரிந்த வீட்டில் லைன் எடுத்து, மணல் வரை ஒயரை இழுத்து, கடை வரிசைக்குச் சீரியல் செட் கட்டினேன். டிரிப்பர் அடிக்கடி விழுந்தது. விழும்போதெல்லாம் கடைக்காரர்கள் கத்தினார்கள். பொறுக்காமல் அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிட்டேன். விடியற்காலை, குளித்துக் கரையேறிய ஒரு அம்மா, ஈரப் புடவையோடு பந்தல் இரும்புக் குழாயைப் பிடித்தவர், வெடுக்கென்று கையை உதறினார். "ஏம்ப்பா, சுருக்குங்குதே, என்னா பண்ணி வெச்சிருக்க?" ஓடிப்போய் மெயினை இறக்கினேன். ஒயர் ஜாயிண்ட்டில் சுற்றிய டேப் பனியில் நெகிழ்ந்து, செம்புக் கம்பி குழாயில் பட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா தப்பித்தது என் புத்திசாலித்தனத்தால் இல்லை.

போகிற கரண்ட்டுக்கும் திரும்புகிற கரண்ட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே டிரிப்பர் விழ வேண்டும். விழுந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கல்யாண வீட்டில் செருப்புக் கால், உலர்ந்த தரை. ஆற்றில் வெறுங்கால், நனைந்த உடம்பு, ஈர மணல். கசிந்த கரண்ட் மண்ணுக்குப் போக மனுஷ உடம்பே வழியாகிவிடும். இப்போதெல்லாம் மணலில் ஒயரைக் கிடத்துவதே இல்லை; சவுக்குக் கழி நட்டு, தலைக்கு மேலே எடுத்துப் போகிறேன். நடுவில் ஜாயிண்ட் கிடையாது. ஒயர் போதவில்லை என்றால் கடைசிக் கடைக்கு லைட் இல்லை, அவ்வளவுதான்.

வீட்டு லைனில் எடுத்ததும் தப்புதான் என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கென்று வாங்கிய இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடலாம். கம்பத்தில் கொக்கி மாட்டினால் அது திருட்டு. 135ஆம் பிரிவு, மூன்று வருஷம் வரை ஜெயில். மாட்டிக்கொள்வது லைட் போட்டவனும் வீட்டுக்காரரும்தான். விழாக் கமிட்டியில் அன்றைக்கு யாரும் போனை எடுக்க மாட்டார்கள்!

முறையாகச் செய்ய, இபி பிரிவு அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். யூனிட் விலை வீட்டு ரேட்டைவிட அதிகம். கமிட்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நான் விடுவதில்லை. எழுதிக் கொடுத்தால் எங்கே எவ்வளவு லோடு என்று இபிக்குத் தெரியும். சாமி ஊர்வலம் கம்பிக்கு அடியில் போகிற நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரச் சொல்லி முன்கூட்டியே கேட்கவும் முகம் இருக்கும். திருட்டு லைன் வைத்துக்கொண்டு லைன்மேனை எப்படிக் கூப்பிடுவது?

அப்படிக் கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு 2022 ஏப்ரல் 27 ஒன்று போதும். தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்தார்கள். அலங்காரம் கட்டுகிற நாங்கள்தான் சப்பரத்தின் உயரத்தை ஏற்றுகிறோம். "இன்னும் ரெண்டடி தூக்குண்ணே, எடுப்பா இருக்கும்" என்று பையன்கள் சொன்னால், முதலில் வீதியில் கம்பி எங்கெங்கே குறுக்கே போகிறது என்று நடந்து பார்த்துவிட்டு வரச் சொல்வேன். மூங்கிலைத் தூக்கி உயரம் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். பனியில் நனைந்த மூங்கிலில் கரண்ட் இறங்கும். இபி கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் சீரியல் லைட் கட்டக் கூடாது. கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், ஆளை நிறுத்திவிட்டு, இபியின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் போன் போட வேண்டும்.

கடைசியாக ஒன்று. மெயின் சுவிட்ச் பக்கத்தில் ராத்திரி முழுக்க ஓர் ஆள் உட்கார வேண்டும். வேறு வேலை சொல்லக் கூடாது. போன தடவை எங்கள் கடைப் பையன்தான் உட்கார்ந்தான். தீர்த்தவாரி முடிந்து வந்து பார்த்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். "எல்லாரும் சாமி பாத்துட்டாங்க, நான் ஃபியூஸ் கட்டையத்தாண்ணே பாத்தேன்" என்றான். ரெண்டு கிலோ சுருளிக்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். சமாதானம் ஆகவில்லை.