மேல் இலைக் கிழிசல்

திண்டுக்கல் சுருட்டில் உள்ளே வைப்பது, அதைப் பிணைத்துச் சுற்றுவது, மேலே சுற்றுவது என இலை மூவகைப்படும். மேல் இலையே மெல்லியது, விலையும் மிக்கது. உலர்ந்த இலையைப் பதமின்றிப் பிரித்தால் நரம்போரம் வெடிக்கும். ஈரத்துணியால் மூடி, துவளும் பதம் வந்தபின் பிரித்தல் வேண்டும். ஈரம் மிகுந்தாலோ பூஞ்சணம் பற்றும்.

சுற்றிய சுருட்டில் சிறு வெடிப்பு இருப்பின், அதே நிறமுள்ள இலைத்துண்டை நரம்பு ஒத்திருக்குமாறு வைத்து, சிறிது பசையிட்டு ஒட்டலாம். பெரிய கிழிசலாயின் வேறு இலை சுற்றுவதே முறை. பழுதான சுருட்டை நல்ல கட்டினுள் மறைத்தல் ஆகாது; காற்றுப் புகுந்து சீராக எரியாத ஒரு சுருட்டால் சங்கத்தின் பெயரே கெடும்.

சுற்றுபவரின் கூலியில் பிடித்தம் செய்யுமுன், இலை கிழிந்தது கொல்லையிலா, கிடங்கிலா, சுற்றும் பலகையிலா என்பதை நாம் முதலில் ஆராய்வோமாக. பிறர் பிழைக்கு அவர் கூலி குறைதல் கூட்டுறவாகாது.