கடலுக்கடியில் ஒரு டி.சி. மோட்டார்

வீட்டு மிக்ஸி நின்றுபோனால் திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆழ்கடலில் ஒரு மோட்டார் நின்றுபோனால் யார் போய்த் திறப்பது? அப்படிப்பட்ட ஒரு மோட்டாரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தில் 1990-களில் உருவாகி, பிறகு மெக்லேன் கம்பெனி தயாரிக்கும் கருவி இது. கடல் தரையில் நங்கூரம், மேலே மிதவை, நடுவே விறைப்பாக ஒரு கம்பி வடம். அந்த வடத்தைப் பிடித்தபடி கருவி ஏறி இறங்கி, நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்யும். ஏற்றி இறக்குவது ஒரு சிறிய டி.சி. மோட்டார், கியர், வடத்தை அழுத்திப் பிடிக்கும் ஒரு சக்கரம், அவ்வளவுதான்.

வேகம் நொடிக்கு 25 செ.மீ. ஒருமுறை இறக்கினால் மொத்தம் 10 லட்சம் மீட்டர் வரை ஓடும். லித்தியம் பாட்டரி 10.8 வோல்ட், 240 ஆம்பியர்-ஹவர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 லட்சம் நொடி, அதாவது சுமார் 1,111 மணி நேரம். 240-ஐ அதால் வகுத்தால் 0.216 ஆம்பியர். மோட்டார், சென்சார், எலக்ட்ரானிக்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 2.3 வாட்தான்! நம்ம வீட்டுப் பழைய ஜீரோ வாட் பல்பே இதைவிடப் பலமடங்கு இழுக்கும்.

இது எப்படிப் போதும்? கருவி தண்ணீரில் மிதக்காமலும் மூழ்காமலும் இருக்கும்படி எடை சரிசெய்யப்படுகிறது. ஆகவே மோட்டார் எடையைத் தூக்குவதில்லை. நீரின் தடையையும் உராய்வையும் மட்டுமே வெல்கிறது.

அடுத்தது தண்டு. 6,000 மீட்டர் ஆழத்தில் 10 மி.மீ. தண்டு ஒன்றை உறைக்கு வெளியே நீட்டினால், அதைச் சுமார் 470 கிலோ எடை உள்ளே தள்ளும். அதைத் தாங்கும் இறுக்கமான சீல் போட்டால் உராய்வே பாட்டரியைத் தின்றுவிடும். அதனால் துளையே போடுவதில்லை. உறைக்கு உள்ளே ஒரு காந்தம், வெளியே ஒரு காந்தம். உள்ளே இருப்பது சுற்றினால் வெளியே இருப்பதும் கூடவே சுற்றும். எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சுமை மீறினால் காந்தப் பிடி நழுவும், அதுவும் ஒரு பாதுகாப்பு.

இனி சோதனை. பெஞ்சில் வைத்து சப்ளை கொடுத்ததும் சக்கரம் சுற்றும். "ஓடுதுப்பா, ஓ.கே."ன்னு எழுந்து போய்விடக் கூடாது. சுற்றுகிறதா என்பதை விட எவ்வளவு கரண்டில் சுற்றுகிறது என்பதே கேள்வி. முதலில் சுமையில்லாமல் இரு திசையிலும் ஓட்டி வோல்டேஜ், கரண்ட், வேகம் மூன்றையும் குறிக்க வேண்டும். இரு திசைக்கும் கரண்ட் கணிசமாக வேறுபட்டால் பிரஷ், பேரிங், கியர் பக்கம் சந்தேகப்படலாம். பிறகு, மெஷின்ஸ் லேபில் செய்கிறோமே, கயிறும் ஸ்பிரிங் தராசும் வைத்து பிரேக் டெஸ்ட், அதே முறையில் சுமை ஏற்றி, காந்தப் பிடி எந்த டார்க்கில் நழுவுகிறது என்று பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுழற்றி விளையாடாதீர்கள். மோட்டார் ஜெனரேட்டராகிவிடும், உற்பத்தியாகும் வோல்டேஜ் டிரைவ் சர்க்யூட்டுக்குத்தான் போகும்.

கடலில் இறங்கிய பின்னும் பேசுவது கரண்ட்தான். ஏறும்போது அதிகம், இறங்கும்போது குறைவு என்றால் எடை சற்றுக் கூடிவிட்டது. இரு பக்கமும் சமமாக, ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனால் உராய்வு. பாசியோ சிப்பியோ ஒட்டியிருக்கலாம். கரண்ட் எகிறியும் அழுத்த மீட்டர் அசையவில்லையா? மீன்வலை மாதிரி ஏதோ வழி மறிக்கிறது. கரண்ட் சாதாரணமாக இருந்தும் ஆழம் மாறவில்லையா? சக்கரம் வடத்தில் வழுக்குகிறது. அழுத்தம் மாறாமல் நின்றால் மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும்படி புரோகிராமும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதே இனத்துக் கருவியை 2004 முதல் வடதுருவப் பெருங்கடலின் பனிப்பாளத்தில் துளையிட்டுத் தொங்கவிடுகிறார்கள். அது கடலின் அளவுகளோடு மோட்டார் கரண்டையும் செயற்கைக்கோள் வழியே அனுப்பும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் கரையில் உட்கார்ந்துகொண்டு, அதே ஆம்பியர் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.